கிடுகு பின்னாத நாள்

தென்னோலைக் கூரைக்கு ஒரு கணக்கு உண்டு. மட்டையை நடுவில் பிளந்து இரண்டு பாதியாக்கித் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். சில நாள் ஊறினால்தான் ஓலை பதமாகி வளைந்து கொடுக்கும். பிறகு தரையில் குந்தி, கீற்றுகளை ஒன்றின் மேல் ஒன்றாக மடக்கிப் பின்ன வேண்டும். பழகிய கை விரைவாகப் போகும்; ஆனாலும் ஒரு கொட்டிலை மேய்ந்து, சுற்றி அடைக்க எத்தனையோ கிடுகு வேண்டும். மேய்ந்த கூரை ஓராண்டு தாங்கும், மிஞ்சிப்போனால் இரண்டாண்டு. ஐப்பசி மழை இறங்குமுன் மறுபடி மேய வேண்டும். தவறினால் இரவில் பாயைச் சுருட்டிக்கொண்டு மூலைக்கு மூலை நகர வேண்டியதுதான்.

புத்தளம் கரையோரத்தில், கற்பிட்டி போகும் வீதியின் இருபுறமும் இப்படிப்பட்ட கொட்டில்கள் வரிசை வரிசையாக நின்ற காலம் ஒன்று இருந்தது. கிடுகு பின்னியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதே பெண்கள்தான் விடியுமுன் வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனவர்கள். கிடுகு பின்னிய நாளில் கூலி இல்லை, கூலிக்குப் போன நாளில் கூரை இல்லை. தொழிற்படைக் கணக்கெடுப்பு இரண்டாவதை மட்டுமே வேலை என்று எழுதிக்கொள்ளும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஏழைக் குடும்பத்துக்கு வீட்டு உதவி கொடுத்தால் அந்த வீட்டார் கூடுதலாக உழைப்பார்களா, குறைவாக உழைப்பார்களா என்ற கேள்வியைப் பொருளியலாளர்கள் பல நாடுகளில் பல ஆண்டுகளாகத் துருவி வருகிறார்கள். எளிய கேள்வி போலத் தோன்றும். ஆனால் ஓர் ஊரில் உழைப்பு கூடுகிறது, ஓர் ஊரில் குறைகிறது, இன்னோர் ஊரில் அசையவே இல்லை. நாலு சுவரும் ஒரு கூரையும் எல்லா ஊரிலும் ஒன்றுதானே, விளைவு மட்டும் ஏன் இப்படி மாறுகிறது? அந்தப் புதிரை அவிழ்க்கப் புத்தளம் கரையைப் போல் உதவும் இடம் இலங்கையில் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

1990 அக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா என ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 பேர் கிளம்பினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் சில மணி நேரம். மன்னார்த் தீவிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். பெரும்பகுதியினர் தங்கிய இடம் புத்தளம் மாவட்டம். ஆலங்குடா, தில்லையடி, நுரைச்சோலை, பாலாவி என்று களப்பின் இரு கரையிலும் முகாம்கள் முளைத்தன. உள்ளூர் மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டார்கள், தென்னந்தோப்புகளில் இடம் கொடுத்தார்கள். சில வாரத்தில் திரும்பிவிடலாம் என்று வந்தவர்களின் பிள்ளைகள் அங்கேயே பிறந்து, வளர்ந்து, கலியாணமும் செய்துகொண்டார்கள்.

வந்தவர்கள் என்ன தொழில் தெரிந்தவர்கள்? யாழ்ப்பாணத்தார் பலர் கடை வைத்திருந்தவர்கள், தையற்காரர்கள், பழைய இரும்பு வியாபாரிகள். மன்னார் மாவட்டத்து முசலிப் பகுதியார் வயலும் மாடும் கண்டவர்கள். மன்னார்க் கரையார் வள்ளமும் வலையும் அறிந்தவர்கள். கற்பிட்டிக் குடாவில் அவர்களுக்குக் காத்திருந்ததோ மணல் நிலத்து வேலை. கிணற்று நீர் இறைத்து வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் போடும் தோட்டங்கள், உப்பளங்கள், இறால் பண்ணைகள், கருவாட்டு வாடிகள், தென்னந்தோட்டங்கள். எல்லாமே நாட்கூலி. உப்புக்கு வெயில் காலம், வெங்காயத்துக்கு அதன் பருவம், மீனுக்குக் கடல் அனுமதிக்கும் மாதம். ஆயிரக்கணக்கான புதுக் கைகள் ஒரே நேரத்தில் வேலை கேட்டு நின்றபோது கூலிச் சந்தை நெருக்கடிக்குள்ளானது. உள்ளூர்த் தொழிலாளிக்கும் வந்தவருக்கும் இடையே முறுகலும் வந்தது. அடைக்கலம் கொடுத்தவர்களும் வசதியானவர்களாக இருக்கவில்லை என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது.

இனி, புத்தளத்தைச் சற்று விட்டு அமெரிக்காவின் சிக்காகோ நகரத்துக்குப் போக வேண்டும். 1997இல் அந்த நகரம் வாடகை உதவிக்கான விண்ணப்பத்தை 12 ஆண்டுகளுக்குப் பிறகு திறந்தது. 80,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் விண்ணப்பித்தன. அத்தனை பேருக்கும் கொடுக்கப் பணம் இல்லாததால் குலுக்கல் போட்டு வரிசைப்படுத்தினார்கள். ஆய்வாளருக்குக் குலுக்கல் ஒரு வரம். உதவி பெற்றவரையும் பெறாதவரையும் சாதாரணமாக ஒப்பிட்டால் கணக்குத் தவறிவிடும். முயற்சியுள்ளவர் முந்திக்கொண்டாரா, நலிந்தவர் முன்னுரிமை பெற்றாரா என்று பிரித்தறிய முடியாது. குலுக்கலில் அப்படி இல்லை. வென்றவருக்கும் தோற்றவருக்கும் நடுவில் இருப்பது அதிர்ஷ்டம் மட்டுமே. ஆகவே பிறகு அவர்களிடையே தெரியும் வேறுபாட்டை உதவியின் விளைவு என்று துணிந்து சொல்லலாம்.

பிரையன் ஜேக்கப், ஜென்ஸ் லுட்விக் என்ற இரு பொருளியலாளர்கள் அந்தக் குடும்பங்களின் சம்பளப் பதிவுகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 2012இல் வெளிவந்த முடிவு பலரை நெற்றி சுருக்க வைத்தது. வாடகை உதவி பெற்ற, உடல் வலுவுள்ள பெரியவர்களிடையே வேலைக்குப் போவது ஏறத்தாழ 6 சதவீதமும், சம்பாத்தியம் ஏறத்தாழ 10 சதவீதமும் குறைந்திருந்தன.

ஏழைக்குக் கொடுத்தால் சோம்பேறியாவான் என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் ஆமாம் போடுவார்கள். அவர்கள் அந்த உதவியின் விதியையும் படிக்க வேண்டும். உதவி பெறும் குடும்பம் தன் வருமானத்தில் ஏறத்தாழ 30 சதவீதத்தை வாடகையாகக் கட்டும், மீதி வாடகையை அரசு கட்டும். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான ஏற்பாடு. ஆனால் கூடுதலாக 100 டொலர் சம்பாதித்தால் வாடகை 30 டொலர் ஏறிவிடும். அதோடு வரியும் உண்டு, மற்ற உதவிகளும் குறையும். மேலதிக நேரம் வேலை செய்பவரின் கையில் நிற்பது கொஞ்சம்தான். தோட்டத்தில் நாலு வரிசை களை பிடுங்கினால் ஒன்றரை வரிசைக்குக் கூலி இல்லை என்று சொன்னால் எந்தக் கூலியாளும் வெயிலுக்குமுன் வீட்டுக்குப் போகத்தான் பார்ப்பார். இதில் சோம்பல் எங்கே இருக்கிறது? கணக்குத் தெரிந்தவர் செய்யும் காரியம் அது. இன்னொரு காரணமும் உண்டு. வாடகைச் சுமை இறங்கியதும் இரண்டாவது வேலையை விட்டுப் பிள்ளைகளோடு இருக்கும் தாயை நாம் குறை சொல்ல முடியுமா? எனக்கு மனம் வரவில்லை.

புத்தளத்தில் வாடகை உதவி இல்லை, 30 சதவீத விதியும் இல்லை. ஆனால் வேறு உருவத்தில் அதே முடிச்சு இருந்தது. இடம்பெயர்ந்தோர் என்ற பதிவு இருந்தால்தான் உலர் உணவு நிவாரணம் கிடைக்கும். பெயரைப் புத்தளத்து வாக்காளர் இடாப்புக்கு மாற்றிக்கொண்டால் அகதி என்ற தகுதி போய்விடுமோ, நிவாரணம் நின்றுவிடுமோ, வடக்கில் இருக்கும் காணிக்கான உரிமை தளர்ந்துவிடுமோ என்ற அச்சம். ஆகவே ஆயிரக்கணக்கானோர் வசிப்பது புத்தளத்தில், பதிவு மன்னாரில் என்று ஆண்டுக்கணக்காக இருந்தார்கள். பதிவில்லாத ஊரில் உள்ளூர் ஒதுக்கீட்டு வேலைகளுக்கும் சலுகைகளுக்கும் எட்ட நிற்க வேண்டியதாயிற்று. அரிசியும் பருப்பும் சீனியும் தரும் அட்டையே, நிலையான வேலைக்குப் போகும் வழியில் ஒரு படலையையும் போட்டுவிட்டது. சிக்காகோவின் வாடகை விதியும் புத்தளத்தின் நிவாரண அட்டையும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: முன்னேறினால் இருப்பதையும் இழப்பாயே, பரவாயில்லையா?

உதவி உழைப்பைக் குறைக்கும் வழி இது. கூட்டும் வழி வேறு; அதுதான் எனக்கு அதிகம் வியப்பூட்டுவது.

பெரு நாட்டுத் தலைநகர் லீமாவின் ஓரங்களில் லட்சக்கணக்கானோர் உறுதிப் பத்திரம் இல்லாத காணிகளில் குடியிருந்தார்கள். 1990களின் நடுப்பகுதியிலிருந்து அந்த நாட்டு அரசு பெரிய திட்டம் ஒன்றைத் தொடங்கி, சில ஆண்டுகளில் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட வீட்டுக் காணிகளுக்கு உறுதி கொடுத்தது. எரிக்கா ஃபீல்ட் என்ற பொருளியலாளர் அதன் விளைவை ஆராய்ந்தார். கொடுத்தது காகிதம் ஒன்றுதான். கல்லும் இல்லை, கூரையும் இல்லை. ஆனாலும் உறுதி பெற்ற குடும்பங்களில் பெரியவர்கள் வீட்டுக்கு வெளியே வேலை செய்யும் நேரம் கூடியது, பிள்ளைகள் வேலைக்குப் போவது குறைந்தது. காரணம்? உறுதி இல்லாத வீட்டை யாராவது ஒருவர் எப்போதும் காத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆள் இல்லாத நேரம் பார்த்து வேறொருவர் புகுந்துவிடலாம். பெரியவர் காவலுக்கு இருந்தால் பிள்ளை வேலைக்குப் போகும். உறுதி கைக்கு வந்ததும் காவல் தேவையற்றுப்போனது, காவல்காரர் வேலைக்குப் போனார்.

இதை வாசித்தபோது எனக்குக் கிடுகுக் கொட்டில்தான் கண்ணில் நின்றது. கிடுகுச் சுவருக்குப் பூட்டு ஏது? இரண்டு கிடுகை விலக்கினால் உள்ளே போய்விடலாம். அடுப்புப் பொறி பறந்தால் வரிசையே எரியும். பங்கீட்டு அரிசி, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், வடக்கிலிருந்து கொண்டுவர முடிந்த பழைய உறுதி எல்லாம் ஒரு தகரப் பெட்டிக்குள். வெளியே போகிறவர் பக்கத்துக் கொட்டில் அக்காவைப் பார்த்து, "ராத்தா, ஊட்டக் கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போக முடியும். அந்த ராத்தா அன்று வேலைக்குப் போகாமல் இருந்தால் மட்டுமே அந்த வாக்கு செல்லும். ஒருவர் கூலிக்குப் போக இன்னொருவர் கூலியை விட வேண்டும். ஒரு தாழ்ப்பாள் போட்ட கதவு எத்தனை நாட்கூலிக்குச் சமம் என்பதை அந்த வாசலில் நின்றால்தான் புரியும்.

காவலோடு தண்ணீரையும் சேருங்கள். பவுசர் வரும் நேரம் பார்த்துக் குடத்தை வரிசையில் வைப்பது, பொதுக் கிணற்றில் முறைக்கு நிற்பது, பொது மலசலகூடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காத்திருப்பது. பெரிதாக வேண்டாம், இவற்றுக்கும் கூரை மேய்ச்சலுக்கும் காவலுக்கும் சேர்த்து ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 2 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 730 மணி நேரம். 8 மணி நேர வேலைநாளாகப் பிரித்தால் 91 நாள். ஏறத்தாழ மூன்று மாதக் கூலி யார் கண்ணிலும் படாமல் கரைந்துவிடுகிறது. நல்ல வீடு என்பது இந்த மூன்று மாதத்தைத் திருப்பிக் கொடுக்கும் கருவி.

தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நகரில் சைமன் ஃப்ராங்க்ளின் செய்த ஆய்வும் இதையே காட்டுகிறது. அரசு வீடுகளைப் பெற்ற சேரிக் குடும்பங்களின் சம்பாத்தியம் உயர்ந்தது. உயர்ந்ததற்குக் காரணம் பெரும்பாலும் பெண்கள் வேலைக்குப் போனது. மோசமான வீட்டைக் கட்டிக் காப்பதில் போன நேரம் அவர்கள் கைக்கு வந்துவிட்டது. இதில் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: அந்தக் குடும்பங்கள் வெகுதூரம் போகவில்லை. இருந்த இடத்துக்கு அருகிலேயே வீடு கிடைத்தது. தூரத்துக்குப் பிறகு வருகிறேன்.

புத்தளத்தில் நிரந்தர வீடு என்ற பேச்சு உருப்பெற வெகுகாலம் பிடித்தது. 1990களிலேயே பலர் கடன்பட்டும் நகையை விற்றும் சிறு துண்டுக் காணிகள் வாங்கிக் கொட்டில் போட்டிருந்தார்கள். உலக வங்கியின் 3 கோடி 20 லட்சம் டொலர் கடனுதவியோடு புத்தளம் வீடமைப்புத் திட்டம் 2007இல் தொடங்கியது. வெளியேற்றம் நடந்து 17 ஆண்டு கழிந்திருந்தது. 5,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. இடம்பெயர்ந்தவர்களோடு, அருகில் வசித்த உள்ளூர் ஏழைக் குடும்பங்களும் பயனாளிகளாகச் சேர்க்கப்பட்டன. அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். தோப்பைக் கொடுத்தவனின் ஓலை வீடு ஒழுக, தோப்புக்கு வந்தவனுக்குக் கல்வீடு கிடைத்தால் அயல் எப்படித் தாங்கும்? குடிநீருக்கும் மலசலகூடத்துக்கும் ஒதுக்கீடு இருந்தது. காணி உரித்தை ஒழுங்குபடுத்தும் வேலையும் திட்டத்தில் அடங்கியது.

வீட்டைக் கட்டியது குத்தகைக் கம்பனி அல்ல, வீட்டுக்காரரே. அத்திவாரம் போட்டதும் ஒரு தவணை, சுவர் எழுந்ததும் ஒரு தவணை, கூரை ஏறியதும் ஒரு தவணை என்று பணம் வரும். இந்த முறைக்கு இலங்கையில் நீண்ட மரபு இருக்கிறது. 1980களில் அப்போதைய பிரதமர் ரணசிங்க பிரேமதாசவின் பத்து லட்சம் வீடுகள் திட்டம், கட்டிக் கொடுப்பதை விட்டு, மக்கள் தாமே கட்டிக்கொள்ளச் சிறு கடனும் ஆலோசனையும் தருவது என்ற வழியைப் பிடித்தது. 1987ஐ வீடற்றோருக்கான உறைவிட ஆண்டாக ஐ.நா. அறிவித்ததற்குப் பின்னால் நின்றதும் இலங்கையின் முன்மொழிவுதான்.

வீட்டுக்காரரே கட்டும்போது வீட்டு உதவியே வேலை தரும் திட்டமாகவும் மாறிவிடுகிறது. ஒரே பகுதியில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழுந்தால் சீமெந்துக் கல் அறுப்பவர், மேசன், தச்சர், மணல் ஏற்றும் டிராக்டர்காரர் எல்லோருக்கும் கை நிறைய வேலை. வெங்காயத் தோட்டத்தில் களை பிடுங்கிய இளைஞன் மேசனுக்குக் கையாளாகப் போய், பிறகு தானே மட்டப்பலகை பிடிப்பான். வீடுகள் முடிந்த பின்னும் அந்தக் கைத்தொழில் அவனிடம் நிற்கும்.

ஆனால் இந்த முறைக்குள் ஒரு கெடுதியும் ஒளிந்திருக்கிறது. கொடுக்கும் தொகை சிறிய வீட்டுக்குத்தான் போதும். ஒரே முறைதானே கட்டுகிறோம், பெண் பிள்ளைக்கும் ஓர் அறை இருக்கட்டும் என்று அத்திவாரத்தை அகலப் போடுவார்கள். சீமெந்து விலை ஏறும். தவணைப் பணம் சுவரோடு நின்றுவிடும். மிச்சத்துக்கு நகை அடகுக்கடைக்குப் போகும், வள்ளத்து இயந்திரம் விலைபோகும். பணம் வருமுன் வேலை நடக்க வேண்டும் என்பதால் கட்டும் மாதங்களில் வீட்டுத் தலைவர் தன் கூலியையும் விடுவார். வடக்கு கிழக்கிலும் இந்த வகைத் திட்டங்களில் கடன் பெரிய தலைவலியாக எழுந்தது. அந்தக் கடனும் ஆளை வேலைக்கு விரட்டும். கணக்கெடுப்பில் அதுவும் வேலைவாய்ப்பு உயர்ந்ததாகவே தெரியும். எண் ஏறியதைப் பார்த்து மகிழ்வதற்குமுன், கடனுக்காக ஏறியதா, கிடைத்த நேரத்தால் ஏறியதா என்று கேட்க வேண்டும்.

தரை பற்றியும் ஒரு வார்த்தை. மெக்சிக்கோவில் மண் தரை வீடுகளுக்கு அரசு இலவசமாகச் சீமெந்துத் தரை போட்டுக் கொடுத்தது. வீடு முழுவதும் சீமெந்துத் தரையான இடங்களில் குழந்தைகளின் குடற்புழுத் தொற்று 78 சதவீதமும் வயிற்றோட்டம் 49 சதவீதமும் இரத்தசோகை 81 சதவீதமும் குறைந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். தாய்மாரின் மனச்சோர்வும் குறைந்தது. ஆனால் குடும்ப வருமானம் அசையவில்லை. வருமானத்தை மட்டும் அளந்திருந்தால் திட்டம் தோல்வி என்று எழுதியிருப்பார்கள். மணல் தரையில் தவழ்ந்த பிள்ளை சீமெந்துத் தரையில் தவழும்போது நடப்பதை அந்த ஆண்டின் சம்பளப் பட்டியல் காட்டாது. 

இப்போது தூரம்.

அகமதாபாத் நகரில் பீடி சுற்றும் பெண்களுக்காக 1987இல் ஒரு குலுக்கல் நடந்தது. ஏறத்தாழ 500 பேரில் 110 பேருக்குப் புது வீடு விழுந்தது. பழைய சேரியை விட நல்ல வீடு, சந்தை வாடகையை விடக் குறைந்த கட்டணம், இருபது ஆண்டு கட்டினால் சொந்தம். குறை ஒன்றுதான்: நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர். குடியேற்றம் முடிந்து 14 ஆண்டு கழித்து ஷாரன் பார்ன்ஹார்ட், எரிக்கா ஃபீல்ட், ரோகிணி பாண்டே மூவரும் வென்றவர்களையும் தோற்றவர்களையும் தேடிப் போனார்கள். வென்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் அந்த வீட்டுக்குப் போகவே இல்லை. இன்னொரு மூன்றில் ஒரு பங்கினர் போய், பின்னர் விட்டுவிட்டார்கள். வருமானத்திலும் வேலையிலும் பிள்ளைகளின் நிலையிலும் இரு தரப்புக்கும் வேறுபாடே தெரியவில்லை. புது இடத்தில் சுகமில்லாத நாளில் கைமாற்றுத் தரவும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் சொந்தமோ பழகிய முகமோ இல்லை. லீமாவுக்குப் போன அதே எரிக்கா ஃபீல்டுக்கு இங்கே கிடைத்தது நேரெதிரான விடை. அங்கே இருந்த இடத்திலேயே காகிதம் வந்தது, இங்கே இடம் விட்டுப் போனால்தான் வீடு என்றார்கள்.

மும்பையில் இதற்கு மறுபக்கம் தெரிந்தது. அங்கே சலுகை விலைக் குடியிருப்பைக் குலுக்கலில் வென்றவர்கள் அதில் தாமே குடியிருக்கலாம், வாடகைக்கும் விடலாம். தனு குமார் என்ற ஆய்வாளர் பார்த்தபோது வென்ற குடும்பங்களில் படிப்பும் வேலைக்குப் போவதும் உயர்ந்திருந்தன. எங்கே இருப்பது என்ற தெரிவு அவர்கள் கையிலேயே இருந்தது.

கடலை நம்பியிருக்கும் ஊருக்குத் தூரம் இன்னும் கூர்மையான விஷயம். புத்தளம் கரையின் தெற்கே உடப்பு இருக்கிறது, தமிழர் வாழும் பழைய மீன்பிடி ஊர். அங்கே கரைவலை இழுப்பார்கள். வலையைத் தோணியில் கொண்டுபோய் வளைத்துப் போட்டு, இரு பக்கமும் வரிசையாக நின்று அம்பாப் பாட்டுப் பாடிக் கயிற்றை இழுக்கும் தொழில். எப்போது வலை போடுவது என்பதைக் கடலின் நிறமும் நீரோட்டமும்தான் சொல்லும். கடலைப் பார்த்தபடி கரையில் இருப்பவனுக்கே அந்தப் பங்கு. அவனுக்கு ஐந்து மைல் உள்ளே அழகான கல்வீடு கொடுத்தால், முதல் பேருந்து வருமுன் வலை ஏறியிருக்கும். 2004 கடற்கோளுக்குப் பிறகு தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கு கிழக்கில் 200 மீட்டர் என்று கரையோரத்தில் கட்டத் தடை போட்டார்கள். பல மீனவக் குடும்பங்களுக்குக் கரையிலிருந்து உள்ளே தள்ளி வீடு கிடைத்தது. வீடு ஓரிடம், வள்ளமும் வலையும் ஓரிடம் என்று அவர்கள் பட்ட பாடு அந்த நாட்களில் இலங்கை முழுக்கப் பேசப்பட்டது. பின்னர் அந்த எல்லையைத் தளர்த்தவும் நேர்ந்தது.

புத்தளம் திட்டத்தின் பெரிய நன்மையாக நான் எண்ணுவது இதைத்தான்: மக்கள் ஏற்கனவே வேரூன்றியிருந்த இடத்திலேயே வீடு எழுந்தது. தோட்டக்காரருக்கு ஆள் தெரியும், ஆளுக்குத் தோட்டம் தெரியும். விடியலில் ஆளேற்ற வரும் லான்ட்மாஸ்டர் டிராக்டர் எந்தச் சந்தியில் நிற்கும் என்பதும் தெரியும். பதினேழு ஆண்டில் சேர்த்த இந்த அறிமுகத்தை எந்தத் திட்டமும் புதிதாகக் கட்டித்தர முடியாது.

2009இல் போர் முடிந்ததும் தூரம் வேறு வடிவில் திரும்பி வந்தது. முசலியில் சொந்த வயல் காடாகிக் கிடந்தது. இனி அங்கே போகலாம். புத்தளத்திலோ கல்வீடும் பிள்ளைகளின் பாடசாலையும். புத்தளத்தில் வீட்டு உதவி வாங்கிய குடும்பம் மன்னாரில் மறுபடி கேட்பது சிக்கலாயிற்று. புத்தளம் பக்கத்து எழுவன்குளத்திலிருந்து வில்பத்துக் காட்டின் ஊடாக முசலிப் பக்கத்து மறிச்சுக்கட்டிக்கு உள்ள பாதையில், விதைப்புக்கு ஒரு முறை அறுவடைக்கு ஒரு முறை என்று போய்வரும் வாழ்க்கை பலருக்கு அமைந்தது. ஒருவருக்கு ஒரு வீடுதான் என்ற விதி அலுவலகத்தில் நேர்மையானது. ஆனால் இவர்களை இரண்டு ஊருக்குச் சொந்தக்காரர்களாக ஆக்கியது இவர்களின் பேராசை அல்ல, 1990தான். அந்த விதியை எழுதியவர்கள் இதை நினைத்திருக்க வேண்டும்.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் கணக்கு குறைப்பட்டுவிடும். 1994 முதல் 1998 வரை அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் ஏறத்தாழ 4,600 ஏழைக் குடும்பங்களுக்கிடையே இன்னொரு குலுக்கல் நடந்தது. வென்றவர்களில் ஒரு பிரிவினருக்கு, வறுமை குறைந்த அயலுக்குக் குடிபெயர வாடகை உதவி கிடைத்தது. போன பெரியவர்களின் வேலையும் சம்பளமும் மாறவில்லை. திட்டம் பயனற்றது என்ற தீர்ப்பு பல ஆண்டு நிலைத்தது. பிறகு 2016இல் ராஜ் செட்டியும் அவருடைய கூட்டாளிகளும், அப்போது பிள்ளைகளாக இருந்தவர்களின் வருமானத்தை எடுத்துப் பார்த்தார்கள். 13 வயதுக்கு முன் குடிபெயர்ந்தவர்கள் இருபதுகளின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். சிக்காகோக் குலுக்கலில் வென்ற குடும்பத்துப் பிள்ளைகளிடம் இப்படிப் பெரிய மாற்றம் தெரியவில்லை. பிள்ளை வளரும் தெருவும் பள்ளிக்கூடமும் மாறினால்தான் மாற்றம் வரும் போலிருக்கிறது. வீட்டு உதவியின் பலனை ஐந்தாண்டில் அளக்க நினைப்பவர்களுக்கு, விளைச்சல் வர இருபது ஆண்டு பிடித்த இந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

சிக்காகோவில் உழைப்பைக் குறைத்ததும் லீமாவில் கூட்டியதும் அகமதாபாத்தில் அசையாமல் நின்றதும் சுவர்களின் குணத்தால் அல்ல. உதவியோடு ஒட்டிவந்த விதி, அது திருப்பிக் கொடுத்த நேரம், அது உண்டாக்கிய தூரம் இவையே தீர்மானித்தன. இந்த மூன்றும் யாரை முதலில் தொடுகின்றன என்று பார்த்தால், எல்லா ஊரிலும் அந்த வீட்டுப் பெண்ணைத்தான். அவளுடைய நேரம்தான் கிடுகில் போனது, அவளுடைய காவல்தான் கதவாக நின்றது. இருந்தும் வீட்டுப் பட்டியலில் குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் பெரும்பாலும் ஆணின் பெயரே விழுகிறது. அரச காணிகளின் வாரிசு உரிமையில் மகளை விட மகனை முந்தவைத்த 1935ஆம் ஆண்டுக் காணிச் சட்டம் 2022இல்தான் திருத்தப்பட்டது.

புத்தளத்திலோ வேறெங்குமோ அடுத்த வீட்டுத் திட்டத்துக்குப் பட்டியல் எழுத உட்காரும் அலுவலர்களிடம் ஒரு வேண்டுகோள். காணியை அளக்கும் நாளில் அந்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேளுங்கள்: எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறீர்கள், எவ்வளவு தூரம், தண்ணீருக்கு எவ்வளவு நேரம் போகிறது, நீங்கள் இல்லாதபோது வீட்டை யார் பார்க்கிறார்கள்? அந்தப் பதில்களை வரைபடத்தின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டு அத்திவாரக் கயிறு கட்டுங்கள். உறுதியில் அவர் பெயரையும் எழுதுங்கள்.